அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பத்திரம் படிப்பதுபோல் படிப்பது எப்படி

காரைக்குடியில் 31 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், பவர், உயில் இவைதான் பிழைப்பு. அமெரிக்க அரசியல் சாசனத்தோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. போன ஆடியில் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் என் மேஜைமேல் ஒரு காகிதக் கட்டை வைத்தார். "தம்பி, என் மகன் நியூஜெர்ஸியில கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணியிருக்கான். இந்தப் பத்திரத்தைக் காப்பாத்துவேன்னு சொன்னானாம். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

ஆச்சி சொன்னது சரிதான். அங்கே குடியுரிமை வாங்குகிறவர் எடுக்கும் உறுதிமொழியில் எந்தத் தலைவர் பெயரும் வராது. அரசியல் சாசனத்தையும் சட்டங்களையும் காப்பேன் என்றுதான் வரும். ஜனாதிபதி பதவியேற்கும்போதும் அதே சாசனத்தின் பேரில்தான் சத்தியம் செய்கிறார். சத்தியமே ஒரு பத்திரத்தின் பேரில் என்றால் அதைப் பார்க்காமல் விடலாமா? கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஊர் இது.

ஆச்சி வீட்டு முகப்பில் 11 சாயங்காலம் உட்கார்ந்து படித்தோம். எனக்குப் பத்திரம் படிக்கத்தான் தெரியும், அதனால் பத்திரமாகவே படித்தேன். யார் எழுதிக்கொடுக்கிறார், யாருக்கு, எதை, என்ன நிபந்தனையில், எங்கே அடித்தல் திருத்தல், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் வக்கீலுக்குப் படிக்காதவருக்கும் அது பிடிபடுகிறது. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் இரண்டு பேர் கேட்டதால் அந்த முறையை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் காகிதம்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம், உரிமைச் சாசனம் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. தட்டச்சு செய்த பிரதியும் உண்டு, அசலின் படமும் உண்டு. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிரகடனத்தின் அசலில் மை வெளிறிப்போய்விட்டது. 1823-ல் செதுக்கிய தகட்டிலிருந்து எடுத்த நகலின் படமும் கிடைக்கும், அதில் எழுத்து தெளிவாகத் தெரியும்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் மட்டும் அச்சடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் குறிப்பு எழுத வேண்டும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1787-ல் எழுதிய மூலச் சாசனம் நான்கே தோல் தாள்தான், சுமார் 4,400 சொற்கள். நான் எழுதிய சில பாகப்பிரிவினைகள் அதைவிட நீளம்.

சிவப்புப் பென்சில் ஒன்று, நீலப் பென்சில் ஒன்று. அதிகாரம் கொடுக்கிற வரிக்கு நீலம், தடுக்கிற வரிக்குச் சிவப்பு. இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

பழைய ஆங்கிலம் என்பதால் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்து போட்டிருப்பார்கள். அது பழகிவிடும். அர்த்தம் மாறிப்போன சொற்களில்தான் கவனம் வேண்டும். நான்காம் பிரிவில் வரும் 'உள்வன்முறை' என்ற சொல்லை இன்றைய வழக்கில் குடும்பத்துக்குள் நடக்கும் அடிதடி என்று எடுத்துக்கொண்டால் போச்சு. அங்கே அது மாநிலத்துக்குள் எழும் கலகம்.

பிரகடனத்தை நோட்டீஸாகப் படியுங்கள்

எல்லோரும் சாசனத்தின் முகவுரையில் தொடங்குகிறார்கள். அது தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் கிரயப் பத்திரத்தை மட்டும் படிக்கிற மாதிரி. தாய்ப்பத்திரம் 1776 ஜூலை 4 தேதியிட்ட சுதந்திரப் பிரகடனம். பிரிந்துபோவது என்று ஓட்டுப் போட்டது ஜூலை 2, பத்திரத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. எழுதிய தேதி ஒன்று, கையெழுத்தான தேதி ஒன்று என்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது, அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. மொத்தம் 56 கையெழுத்து. முதல் வரைவு தாமஸ் ஜெஃபர்சனுடையது.

'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்ற இரண்டாம் பத்தியைத்தான் ஊரே மேற்கோள் காட்டும். அதை ஒருமுறை படித்துவிட்டு நகருங்கள். அடுத்து வருவதுதான் சரக்கு. பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ்மேல் 27 குற்றச்சாட்டு, ஒவ்வொன்றாக. அதற்குப் பிறகு, பலமுறை மனுப் போட்டோம், பதிலுக்கு அவமானம்தான் மிஞ்சியது என்கிறார்கள். கடைசியாக, ஆகையால் இன்று முதல் எங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை. வக்கீல் நோட்டீஸின் உருவம் அப்படியே இருக்கிறது.

அந்த 27-க்கும் வரிசை எண் போட்டு, எதிர்ப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். பின்னால் சாசனத்தைப் படிக்கும்போது, எந்தப் புகாருக்கு எந்த ஷரத்து பூட்டுப் போடுகிறது என்று தேடி அங்கே எழுத வேண்டும். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் அரசர் இஷ்டத்தில் இருந்தது என்பது ஒரு புகார். சாசனத்தின் மூன்றாம் பிரிவில் நீதிபதி நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார், இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது. சமாதான காலத்திலும் படையை நிறுத்திவைத்தார் என்பது இன்னொன்று. முதல் பிரிவில் ராணுவத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் சேர்த்துப் பணம் ஒதுக்கக் கூடாது என்கிறார்கள். சிப்பாய்களை எங்கள் நடுவே தங்கவைத்தார் என்றதற்கு மூன்றாம் திருத்தம். கடல் கடந்து கொண்டுபோய் விசாரித்தார் என்றதற்கு, குற்றம் நடந்த மாநிலத்திலேயே விசாரணை. எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டார் என்றதற்கு, வரி மசோதா மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் சபையில்தான் பிறக்க வேண்டும்.

ஆச்சிக்கு இந்தத் தேடல் மிகவும் பிடித்துப்போனது. "வலிச்ச இடத்துலதான் கட்டுப் போட்டிருக்காக" என்றார். 11 நாளில் எங்களால் 27-ல் 14-க்குத்தான் பூட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது. நீங்கள் இன்னும் தேடிப் பார்க்கலாம்.

13 பங்கு வீடு

பிரகடனத்திலிருந்து நேரே 1787-க்குத் தாவிவிடாதீர்கள். நடுவில் கூட்டமைப்பு விதிகள் என்று ஒரு தோற்றுப்போன பத்திரம் இருக்கிறது. 1777 நவம்பரில் எழுதி, 1781 மார்ச் 1-ல்தான் 13 மாநிலமும் ஒப்புக்கொண்டு அமலுக்கு வந்தது. ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள், போதும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி அறைகள், ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. முகப்பும் வளவும் பொது. கூரை ஒழுகினால் எல்லோரும் பணம் போட வேண்டும், விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் டெக்சாஸ். ஆச்சி வீட்டில் 17 கையெழுத்து வேண்டும். மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் கொழுந்தனார் மகன் போட மாட்டேன் என்கிறார். ஓடு சரிந்து நாலு மழைக்காலம் ஆகிவிட்டது.

அமெரிக்காவும் அப்படித்தான் கிடந்தது. காங்கிரஸுக்கு (கட்சி இல்லை, அவர்களுடைய பொதுச் சபை) வரி போடும் அதிகாரம் இல்லை, மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். போர்க் கடனை அடைக்க இறக்குமதிக்கு 5 சதவீதம் தீர்வை வைக்கலாம் என்று 1781-ல் கேட்டார்கள். விதிகளைத் திருத்த 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட் என்ற பொடி மாநிலம் 1782-ல் முடியாது என்றது. தீர்வை விழுந்தது. கடன் சுமை தாங்காமல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் 1786-ல் கலகத்தில் இறங்கினார்கள். அடுத்த வருஷம் மே மாதம் மாநிலங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். ரோட் ஐலண்ட் அதற்கும் ஆள் அனுப்பவில்லை.

"எல்லா ஊர்லயும் ஒரு ஈப்போக்காரன் இருப்பான்போல" என்று ஆச்சி சொன்னதை நான் இப்போதும் மறக்கவில்லை.

அவர்கள் செய்த வழியைப் பாருங்கள். பழைய விதிகளைத் திருத்துகிறோம் என்று கூடியவர்கள் புதிதாக ஒன்றை எழுதி, அதன் ஏழாம் பிரிவில் ஒன்பது மாநிலம் ஒப்புக்கொண்டால் அந்த ஒன்பதுக்குள் இது செல்லும் என்று போட்டுவிட்டார்கள். பழைய பத்திரப்படி 13 வேண்டும். என்னிடம் யாராவது அப்படி எழுதச் சொல்லியிருந்தால், 'அண்ணே, பதிவுக்கு வராது' என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்களுக்கு வந்தது. 1788 ஜூன் 21-ல் நியூஹாம்ப்ஷைர் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ரோட் ஐலண்ட் 1790 மே மாதம் 34-க்கு 32 என்ற ஓட்டில் கடைசியாக உள்ளே வந்தது, வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருஷம் கழித்து.

எழுதிக்கொடுப்பவர் யார்?

இப்போது சாசனத்துக்கு வாருங்கள். முகவுரையில் பார்க்க வேண்டியது எழுதிக்கொடுப்பவர் பெயர் ஒன்றைத்தான். 'ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்.' முதல் வரைவில் நியூஹாம்ப்ஷைர், மாசசூசெட்ஸ் என்று தொடங்கி ஜார்ஜியா வரை மாநிலங்களின் பட்டியல் இருந்தது. கடைசி மெருகு போட்ட குழுவில் இருந்த கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது பதவி இல்லை, பெயரே அதுதான்) பட்டியலை எடுத்துவிட்டு மக்கள் என்று போட்டார். எந்த ஒன்பது மாநிலம் ஒப்புக்கொள்ளும் என்று அப்போது தெரியாதே, பெயர் போட்டால் வம்பு. ஆனால் அந்த மாற்றத்தால் பத்திரத்தின் தன்மையே மாறிப்போனது. பங்காளிகள் எழுதியது என்பதுபோய் குடியிருப்பவர்கள் எழுதியது என்றாயிற்று. நம் இந்திய அரசமைப்பின் முகவுரையும் 'இந்திய மக்களாகிய நாம்' என்றுதான் தொடங்குகிறது.

அடுத்த மூன்று பிரிவுகளும் மூன்று பவர் பத்திரங்கள். முதல் பிரிவு சட்டம் செய்ய காங்கிரஸுக்கு (பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு சபை), இரண்டாவது நிர்வாகம் செய்ய ஜனாதிபதிக்கு, மூன்றாவது தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கு. பவர் பத்திரத்தின் விதி ஒன்றுதான். எழுதாததை ஏஜென்ட் செய்யக் கூடாது. முதல் பிரிவின் முதல் வரியிலேயே 'இதில் அளிக்கப்பட்ட' என்ற சொல் இருக்கிறது, அதற்கு நீலக் கோடு போடுங்கள்.

பிறகு முதல் பிரிவின் 8, 9, 10 உட்பிரிவுகளில் ஒரு முழுச் சாயங்காலம் உட்காருங்கள். எட்டாவது முழுவதும் நீலம். வரி போடலாம், கடன் வாங்கலாம், நாணயம் அடிக்கலாம், போர் அறிவிக்கலாம், தபால் நிலையம் வைக்கலாம். இதுதான் சொத்து விவரம். ஒன்பதாவது சிவப்பு. பட்டம் கொடுக்கக் கூடாது, நடந்து முடிந்ததைப் பின்னால் சட்டம் போட்டுக் குற்றமாக்கக் கூடாது. பத்தாவதும் சிவப்பு, மாநிலங்களுக்கு.

எட்டாவதின் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மேற்கண்ட அதிகாரங்களை நடத்தத் தேவையான, பொருத்தமான எல்லாச் சட்டங்களையும் செய்யலாம் என்கிறது. நாங்களும் பவர் பத்திரத்தின் கடைசியில் 'மேற்படி காரியங்கள் சம்பந்தமாக வேண்டிய சகலத்தையும்' என்று ஒரு வரி போடுவோம். கோர்ட்டுக்குப் போகிற வழக்கில் பாதி அந்த வரியில்தான் பிறக்கும். அங்கேயும் அதே கதை. வங்கி தொடங்கலாம் என்று பட்டியலில் எங்கும் இல்லை, காங்கிரஸ் தொடங்கியது. 1819-ல் மெக்கல்லாக் எதிர் மேரிலாந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அந்தச் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை.

ஒருவர் கையில் எல்லாம் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத் தேட, பச்சைப் பென்சில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கோயில் உண்டியலை ஒற்றைச் சாவியில் திறக்க முடியாதல்லவா? மசோதாவை ஜனாதிபதி திருப்பி அனுப்பலாம், இரு சபையும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் அதையும் மீறலாம். நீதிபதியை ஜனாதிபதி நியமிப்பார், செனட் சம்மதிக்க வேண்டும். ஜனாதிபதிமேல் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், அந்த விசாரணைக்குத் தலைமை நீதிபதி தலைமை வகிப்பார். இரண்டாவது சாவி தெரிகிற இடத்திலெல்லாம் பச்சை.

ஆறாம் பிரிவின் முதல் வரியைப் பாடப் புத்தகங்களில் தாண்டிப்போவார்கள். புதிய சாசனம் வருவதற்கு முன்னால் வாங்கிய கடன்கள் எல்லாம் பழையபடியே செல்லும் என்கிறது அது. இதைப் படித்ததும் ஆச்சி கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். அவருடைய ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது விட்டுவிட்டு வந்தது, 1948-ல் புதிய அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியது. "சர்க்கார் மாறினாலும் கடன் மாறாதுன்னு அங்கே ஒருத்தன் எழுதி வைக்கலையே தம்பி." பொதுக் காரியத்துக்குத் தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு தர வேண்டும் என்று ஐந்தாம் திருத்தத்தில் இருப்பதையும் காட்டினேன். அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்டோம்.

கடைசித் தாளின் அடியில்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தட்டச்சுப் பிரதி சிலவற்றில் இதை விட்டுவிடுவார்கள், அதனால்தான் அசலின் படமும் வேண்டும் என்றேன். நான்காவது தாளில், கையெழுத்துகளுக்கு இடப்புறம், சின்ன எழுத்தில் ஒரு பத்தி. முதல் பக்கம் ஏழாவது, எட்டாவது வரிகளுக்கு இடையே ஒரு சொல் செருகப்பட்டுள்ளது. பதினைந்தாவது வரியில் 'முப்பது' என்ற சொல்லின் ஒரு பகுதி சுரண்டிய இடத்தின்மேல் எழுதப்பட்டுள்ளது. இன்னும் இரண்டு செருகல்கள். கீழே செயலாளர் வில்லியம் ஜாக்சனின் சான்றொப்பம்.

அடித்தல் திருத்தல் விவரம்! எங்கள் பத்திரத்தின் அடியில் நாங்கள் எழுதுகிற அதே விவரம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு புல எண்ணில் 3-ஐ 8 ஆக்கிவிட்டு அடியில் குறிக்க மறந்துபோனேன். பத்திரம் திரும்பி வந்தது, கட்சிக்காரர் மூன்று மாதம் அலைந்தார், தப்பு என்னுடையது. அந்த நினைப்போடு ஜாக்சனின் பத்தியைப் பார்த்தபோது, தெரிந்த ஆளைத் தெரியாத ஊரில் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த 'முப்பது' ஏன் சுரண்டிய இடத்தில் இருக்கிறது? 1787 செப்டம்பர் 17, கையெழுத்துப் போடுகிற நாள். 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதிக்கு மேல் கூடாது என்று எழுதி முடித்திருந்தார்கள். அன்று ஒருவர் அதை 30,000 ஆக்கலாம் என்றார். கூட்டம் முழுவதும் தலைமை நாற்காலியில் விவாதத்தில் கலக்காமல் இருந்த வாஷிங்டன் எழுந்து அதை ஆதரித்தார். உடனே ஒப்புக்கொண்டார்கள். எழுத்தர் ஜேக்கப் ஷாலஸ் ஏற்கெனவே எழுதியிருந்த எழுத்தைச் சுரண்டித்தான் முப்பது ஆக்கினார்கள். நான்கு தாளையும் எழுத அவருக்குக் கூலி 30 டாலர்.

கையெழுத்துகளையும் எண்ணிப் பாருங்கள். 55 பேர் வந்துபோன கூட்டத்தில் 39 கையெழுத்து. அதிலும் ஒன்று அவரே போட்டதில்லை. ஊருக்குக் கிளம்பிவிட்ட ஜான் டிக்கின்சனுக்காக ஜார்ஜ் ரீட் போட்டார். கடைசிவரை இருந்தும் மூன்று பேர் போட மறுத்தார்கள். அவர்களில் ஜார்ஜ் மேசன் சொன்ன காரணம், இதில் உரிமைப் பட்டியலே இல்லை என்பது. கையெழுத்துப் பகுதியில் பென்சில்வேனியாவின் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து குறைகிறது. அதை யாரும் திருத்தல் விவரத்தில் சேர்க்கவில்லை.

பெயர் சொல்லாத இடத்தில் வில்லங்கம்

பத்திரத்தில் ஒரு விஷயத்தை நேராகப் பெயர் சொல்லாமல் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தால், அங்கே வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். 1787 சாசனத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. ஆனால் மூன்று இடத்தில் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். 'மற்ற நபர்கள்', 'அத்தகைய நபர்கள்', 'வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்'. மூன்றையும் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள். முதல் பிரிவில் இரண்டு, நான்காம் பிரிவில் ஒன்று.

முதலாவது, ஜனத்தொகைக் கணக்கில் 'மற்ற நபர்களை' ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது. இதை ஆச்சிக்குப் புள்ளிக் கணக்கை வைத்துச் சொன்னேன். நகரத்தாரில் கல்யாணமான குடும்பம் ஒரு புள்ளி, கோயில் வரியெல்லாம் அந்தக் கணக்கில். புள்ளி என்றால் வரியும் உண்டு, பேச்சும் உண்டு. அங்கேயோ, ஓட்டில்லாத, பேச்சில்லாத, விற்கப்படுகிற மனிதரை முக்காலும் கிடையாது, பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையில் வந்த கூடுதல் இடங்களை அவரை விற்கிறவன் மாநிலத்துக்குக் கொடுத்தார்கள். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம ஊரு கணக்குப்பிள்ளைக கூட இப்படி எழுத மாட்டாக" என்றார்.

இரண்டாவது, அடிமை வியாபாரத்தை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்பது. மூன்றாவது, தப்பி ஓடியவரைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. எல்லா மனிதரும் சமம் என்று 1776-ல் எழுதியவர்களில் சிலரே 1787-லும் உட்கார்ந்திருந்தார்கள். சாசனத்தில் அடிமைத்தனம் என்ற சொல் முதன்முதலாக வருவது 1865-ல், அதை ஒழித்த 13-ஆம் திருத்தத்தில்.

திருத்தங்களைப் பின்னாலிருந்து

இந்திய அரசமைப்பைத் திருத்தினால் திருத்தம் உள்ளேயே சேர்ந்துவிடும், இன்றைய பிரதியை வாங்கினால் இன்றைய சட்டம் கையில் இருக்கும். அமெரிக்க வழக்கம் வேறு. மூலத்தில் கை வைப்பதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் மாதிரி பின்னால் இணைக்கிறார்கள். அதனால் முன்னாலிருந்து படிக்கிறவர் செத்துப்போன ஷரத்தை உயிரோடு இருப்பதாக நினைத்துவிடுவார். செனட்டர்களை மாநிலச் சட்டசபை தேர்ந்தெடுக்கும் என்று முதல் பிரிவில் இன்னும் இருக்கிறது. 1913-ல் 17-ஆம் திருத்தம் அதை மக்கள் கைக்கு மாற்றிவிட்டது.

ஆகவே திருத்தங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். ஒவ்வொன்றும் மூலத்தில் எந்த வரியைத் தொடுகிறதோ அங்கே திரும்பிப் போய், பென்சிலால் அடித்து, ஓரத்தில் திருத்த எண்ணைப் போடுங்கள். மொத்தம் 27. அந்த 27-ஆவதே ஒரு வேடிக்கை. காங்கிரஸ் தன் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் செல்லும் என்பது, 1789-ல் முன்வைத்தது. தூங்கிக் கிடந்தது. அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று டெக்சாஸில் ஒரு மாணவர் 1982-ல் கட்டுரை எழுதி 'சி' வாங்கினார், விடாமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட்டார், 1992-ல் அது நிறைவேறியது. 202 வருஷம்! காலாவதித் தேதி போடாத ஒப்பந்தம் என்ன பாடு படுத்தும் என்பதற்கு இனி இதைத்தான் சொல்லப் போகிறேன். 18-ஆம் திருத்தம் 1919-ல் மதுவை விலக்கியது, 21-ஆம் திருத்தம் 1933-ல் அதை ரத்து செய்தது. இரண்டும் இன்றும் பத்திரத்தில் இருக்கின்றன.

முதல் பத்துதான் உரிமைச் சாசனம். மேசன் போன்றவர்கள் கேட்டது, 1791 டிசம்பர் 15-ல் வந்தது. இங்கே சிவப்புப் பென்சில் தேய்ந்துவிடும். 'மக்களுக்குப் பேச்சுரிமை அளிக்கப்படுகிறது' என்று முதல் திருத்தம் சொல்வதில்லை. அதைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் செய்யக் கூடாது என்கிறது. உரிமை ஏற்கெனவே உன்னுடையது, ஏஜென்டுக்குத்தான் தடை. பத்தாவது இன்னும் வெளிப்படை. எழுதிக் கொடுக்காதது எல்லாம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு.

1868-ன் 14-ஆம் திருத்தத்தை மட்டும் நம் பிரதியோடு சேர்த்துப் படியுங்கள். அதில் வரும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' நம் 14-ஆவது ஷரத்திலும் இருக்கிறது. எண்ணும் அதே 14, தற்செயல்தான். ஆனால் அங்கே உள்ள 'முறையான சட்ட நடைமுறை' என்ற சொற்றொடர் நம் 21-ல் இல்லை. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947-ல் அமெரிக்கா போனபோது, நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் அது நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுக்கும் என்று சொல்லி அனுப்பினார். நம்மவர்கள் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று போட்டார்கள்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் மொத்தம் 85. ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில், சாசனத்தை ஏற்கச் சொல்லி நியூயார்க் பத்திரிகைகளில் எழுதியவை. எல்லாம் வேண்டாம். 10, 51, 78 மூன்று மட்டும். கோஷ்டிப் பூசலை ஒழிக்க முடியாது, பெரிய நாட்டில் அது ஒன்றையொன்று சமன் செய்யும் என்கிறது பத்தாவது. மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே வேண்டியிருக்காது என்பது 51-ல் வருகிறது. நீதிமன்றத்துக்கு வாளும் இல்லை, பணப்பையும் இல்லை என்பது 78. இவை வாங்குகிறவரைச் சம்மதிக்கவைக்க எழுதியவை என்பதை நினைவில் வையுங்கள். தரகர் பேச்சில் உண்மையும் இருக்கும்.

ஒரு கேள்வி போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு. சட்டம் சாசனத்துக்கு முரண் என்று நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று மூன்றாம் பிரிவில் எந்த வரியில் இருக்கிறது? தேடிப் பாருங்கள். இருக்காது. 1803-ல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எடுத்துக்கொண்டது அது.

கடைசி நாள் ஐந்தாம் பிரிவைப் படித்தோம். மாற்ற வேண்டுமானால் இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதல். இன்றைக்கு 50-ல் 38. ஆச்சி மனக்கணக்குப் போட்டு, "அப்ப 17-க்கு 13 போதுமே" என்றார். ஆச்சி, அது அவுக பத்திரத்துக்கு, நம்ம வீட்டுக்கு 17-ம் வேணும் என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

பிறகு தயங்கி, "என் மகன் அங்க ஜனாதிபதி ஆக முடியுமா?" என்று கேட்டார். இரண்டாம் பிரிவைக் காட்டினேன். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்ப வேண்டும், 14 வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். மகனால் ஆகாது. பேரன் அங்கேயே பிறந்தவன், 9 வயது. அவனால் ஆகும். ஆச்சி விரல் விட்டு எண்ணினார்.

"26 வருஷம். எனக்கு நூறு ஆயிருக்கும்." மடியிலிருந்த காகிதத்தைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, "சரி, அது கெடக்கட்டும். அந்த ஈப்போக்காரனுக்கு ஒரு நோட்டீஸ் எழுதுங்க" என்றார்.